தூங்கும் புரோட்டான்கள்

எங்கள் கடைத்தெருவில் இப்போது நோய் என்று எதுவும் கிடையாது. சளி, சர்க்கரை, மூட்டுவலி, மாமியாரோடு மனஸ்தாபம் எல்லாம் ஒழிந்துவிட்டன. எல்லோருக்கும் ஒரே குறைதான்: உடம்பில் புரோட்டான் கூடிவிட்டது. முடிதிருத்தும் கடையில் போய் உட்கார்ந்தால், "உனக்கு எவ்வளவு கூடியிருக்கு?" என்று கத்தரிக்கோலைப் பிடித்தபடி விசாரிக்கிறார்கள். இல்லை என்று சொன்னால் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

இதில் நான் கண்ணால் பார்த்ததையும் பிறர் சொன்னதையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன். வரிசை மாடிப்படி இறங்கி, செருப்புத் தைப்பவரைத் தாண்டி, பேருந்து நிறுத்தம் வரை நின்றது நான் பார்த்தது. வரிசையில் நிற்கும்போதே ஒருவருக்கு வளைந்த இடுப்பு நிமிர்ந்துவிட்டது என்பது பிறர் சொன்னது. அவர் குனிந்து நின்றது கீழே விழுந்த டோக்கனைத் தேடத்தான் என்று இன்னொருவர் சொன்னார். அவரை யாரும் மதிக்கவில்லை.

மாடியில் இருப்பது 'குவாண்டம் சமநிலை நிலையம்'. நடத்துபவர் குவாண்டம் ஐயா. போன வருடம் வரை அதே மாடியில் தரைவிரிப்பு விற்றுக்கொண்டிருந்தார். கடை நொடித்தது, விரிப்புகள் மிஞ்சின. சில மாதம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது வெள்ளை அங்கி போட்டிருந்தார், குவாண்டம் படித்துவிட்டு வந்திருந்தார். எங்கே படித்தார் என்று கேட்டவர்களுக்கு, "அது இடத்துல இல்லம்மா, நிலையில இருக்கு" என்று பதில். வாசல் பலகையில் ஓர் அணுவின் படம். நடுவில், புரோட்டான் இருக்க வேண்டிய இடத்தில், ஐயாவின் முகம்.

அவருடைய தத்துவம் எளிது. புரோட்டான் கணவன், எலக்ட்ரான் மனைவி. இருவரும் ஒற்றுமையாக இருந்தால் ஆரோக்கியம். மனைவி கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டால் புரோட்டான் தனித்துப்போகும், ஏங்கும், கடைசியில் தூங்கிவிடும். எந்த உறுப்பில் தூங்குகிறதோ அந்த உறுப்பில் நோய். கேட்கிறவர்கள் எல்லாம் குடும்பஸ்தர்கள். சட்டென்று புரிந்துவிடுகிறது.

எனக்குத்தான் புரியவில்லை. பகலில் ஒரு சட்டைப் பட்டறையில் துணி வெட்டுகிறேன். மாலையில் ஆய்வக உதவியாளர் படிப்புக்காக வகுப்புக்குப் போகிறேன். அங்கேயும் இதே புரோட்டானும் எலக்ட்ரானும்தான் நடந்துகொண்டிருந்தன. வகுப்பில் எல்லோரும் தலையாட்டும்போது எனக்கு மட்டும் சந்தேகம் வரும். அதைக் கேட்கலாமா என்று யோசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அப்படிப்பட்டவள் ஐயாவை எதிர்த்து வாய் திறந்திருக்க மாட்டேன். சித்தி மட்டும் இதில் மாட்டாமல் இருந்திருந்தால்.

சித்தி அதே பட்டறையில் காலர் தைப்பவர். காலர் தைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இல்லை, ஆளில்லாமல் இருந்தது என்று எழுத வேண்டும். இரண்டு கண்ணிலும் புரை. ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுகிறார். அண்மையில் இரண்டு காலர் கோணலாகத் திரும்பி வந்தன. முதலாளி அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். "கண்ணைப் பார்த்துக்கோ, அப்புறம் பேசலாம்" என்று மெதுவாகச் சொன்னார். அதன் அர்த்தம் எங்கள் இருவருக்கும் தெரியும். அரசு மருத்துவமனையில் காத்திருந்து காத்திருந்து, வரும் திங்கட்கிழமை அறுவை சிகிச்சைக்கு இடம் கிடைத்திருந்தது. அதைத் தவறவிட்டால் மறுபடி வரிசையின் கடைசி. அதுவரை பட்டறையில் அந்த நாற்காலி காலியாக இருக்காது.

இந்த நேரம் பார்த்துத்தான் பட்டன் அக்கா சித்தியை நிலையத்துக்கு அழைத்துப் போனார். பட்டன் அக்கா எங்கள் பட்டறையில் பட்டன் தைப்பவர், தங்கமான மனசு, எதையும் நம்புவார். ஐயா கொடுத்த செம்பு வளையல் இரண்டு கையிலும் இருந்தது. படி ஏறச் சித்திக்குத் துணையாக நானும் போனேன்.

நடைமுறை இப்படி. வாசலில் ஐயாவின் மச்சான் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பார். செருப்பைக் கழற்றிவிட்டு நிலையம் தரும் நைலான் காலுறையை மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு நீளமான தரைவிரிப்பின் மேல் பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும். காலைத் தூக்கினால் எலக்ட்ரான் மிரண்டுவிடுமாம். விரிப்பின் முடிவில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி, அதன் எதிரே கம்பியின் மேல் பளபளவென்று ஒரு பித்தளைக் குண்டு. குண்டிலிருந்து ஒரு ஒயர் திரைக்குப் பின்னால் போகும். அங்கே ஐயா அளவு காட்டும் ஊசி வைத்த பெட்டியோடு அமர்ந்திருப்பார். அவர் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார். வருவது ஆணா பெண்ணா, வயசானவரா என்று மட்டும் மச்சான் வாசலிலிருந்து குரல் கொடுப்பார். வந்தவர் வாய் திறக்கக் கூடாது. பேசினால் அளவு கலைந்துவிடும்.

சித்தி குண்டைத் தொட்டதும் சுருக்கென்று ஒரு பொறி. கையை உதறினார். திரைக்குப் பின்னாலிருந்து ஒலிபெருக்கியில் ஐயாவின் குரல் வந்தது, தேன் தடவினாற்போல.

"அம்மா, குடும்பத்துக்காகத் தேய்ஞ்ச உடம்பு இது. தலை பாரமா இருக்கு. ரெண்டு முழங்கால்லயும் வலி. முக்கியமா, கண்ணுல புரோட்டான் தூங்குது. தூங்குறதைத் தட்டி எழுப்பணும், வெட்டி எடுக்கக் கூடாது. கத்தி பட விட்டுடாதீங்க."

சித்தி அழுதுவிட்டார். பார்க்காமலே சொல்லிவிட்டாரே என்று. ஐம்பது தாண்டியவர் யாருக்கு முழங்கால் வலிக்காது என்று கேட்க நினைத்தேன். கையில் ஒரு புட்டி எலக்ட்ரான் தண்ணீரோடு இறங்கினோம். குணமானதும் மறுபடி அளப்பார்களாம், அப்போது ஊசி அசையாதாம். குணமானவர்கள் மறு அளவீட்டுக்கு எந்த வழியாகக் குண்டுக்குப் போகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். காலுறை இல்லாமல், ஈரச் சாக்கை மிதித்துவிட்டு, விரிப்பில் ஏறாமலே வேறு பக்கமாகப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேராகவே சொன்னேன், இது நைலானும் விரிப்பும் உரசி வருகிற மின்சாரம் என்று. உரசும்போது எலக்ட்ரான் ஒரு பரப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். புரோட்டான் அணுவின் நடுவில் இறுக உட்கார்ந்திருக்கும், காலுறைக்கெல்லாம் பயந்து எழுந்து வராது. ஐயா விரிப்புக் கடை வைத்திருந்த காலத்தில் அந்தக் கடையின் கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுருக்கென்று அடிக்கும், ஞாபகம் இல்லையா என்றும் கேட்டேன்.

சித்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி போட்டார். "புரோட்டான் எலக்ட்ரானை இழுக்கும்னு நீதானே சொன்னே. இழுத்தா போய் ஒட்டிக்க வேண்டியதுதானே. ஏன் ஒட்டல? ஊடல்னு ஐயா சொல்றார். நீ என்ன சொல்றே?"

எனக்குத் தெரியாது.

மறுநாள் வகுப்பில், மணி அடிப்பதற்கு முன்பே கையைத் தூக்கிவிட்டேன். ஆசிரியை சிரித்தார். இந்தக் கேள்வி பெரிய பெரிய ஆட்களையே ஒரு காலத்தில் திணறடித்தது என்றார். பிறகு விளக்கினார். எலக்ட்ரான் ஒரு குண்டுமணி போல ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. அலைபோலப் பரவி இருக்கிறது. புரோட்டான் அதை உள்ளே இழுக்கிறது. ஆனால் எலக்ட்ரானைச் சிறிய இடத்தில் நெருக்க நெருக்க அதன் ஆட்டம் கூடுகிறது, வெளியே திமிறுகிறது. இழுப்பும் திமிறலும் ஒத்துப்போகிற அளவில் ஒரு மேகம்போல நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே இறங்கப் படி கிடையாது. இந்த அளவு எல்லா ஹைட்ரஜன் அணுவுக்கும் ஒன்றுதான், நோயாளி உடம்பிலும் பயில்வான் உடம்பிலும்.

ஓடிவந்து சித்தியிடம் சொன்னேன். உலகம் முழுவதற்கும் ஒரே அளவில் தைத்த சட்டை மாதிரி சித்தி, யாரும் பிடித்துத் தைக்கவோ தளர்த்தவோ முடியாது என்றேன். சித்திக்குப் பிடித்திருந்தது.

"சின்ன அறையில அடைச்சா புள்ளைங்க குதிக்குமே, அது மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"கிட்டத்தட்டன்னா? உனக்கு முழுசாத் தெரியுமா?"

"முழுசாத் தெரியாது."

"ஐயாவுக்கும் தெரியாதுங்கறே. அப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதானேடி."

ஐயா தெரியாததை ஒலிபெருக்கியில் சொல்கிறார். நான் தெரிந்ததை முனகுகிறேன். கடைத்தெரு யாரை நம்பும்?

பிறகு சித்தியே மெதுவாகச் சொன்னார். "கண்ணுக்குள்ள கத்தி வரும்னு நினைச்சாலே பயமா இருக்குடி. அவர் வேண்டாம்னு சொன்னப்போ எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா."

ஐயா உண்மையில் எதை விற்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த நிம்மதியோடு ஹைட்ரஜன் அணுவை வைத்துச் சண்டை போட முடியாது.

அந்த வாரம் ஐயா அறிவிப்பு ஒட்டினார். ஞாயிற்றுக்கிழமை இலவசமாகப் பகிரங்க அளவீடு. யாரை வேண்டுமானாலும் அழைத்து வரலாம். திரைக்குப் பின்னாலிருந்தே நோயைச் சொல்வார். சந்தேகக்காரர்கள் தனியாக அழைக்கப்பட்டிருந்தார்கள். சந்தேகம் என் பரம்பரைத் தொழில்போல ஆகிவிட்டதால் எனக்கே எழுதியதுபோல இருந்தது. சித்தியின் அறுவை அதற்கு மறுநாள். போக மாட்டேன் என்று அவர் ஏறக்குறைய முடிவெடுத்திருந்தார்.

எங்கள் பட்டறையில் ஒரு தையல் பொம்மை உண்டு. கழுத்து முதல் இடுப்பு வரைதான். கீழே ஒரு கம்பி, கம்பிக்குக் கீழே உருளைகள். அளவு பார்க்க அதற்குத்தான் சட்டையை மாட்டுவோம். எல்லோருடைய உழைப்பையும் முதலில் போட்டுப் பார்ப்பதால் அதற்கு மகாராணி என்று பெயர். வறண்ட காற்று அடிக்கும் நாளில் அதன் மேல் பஞ்சும் நூலும் தாமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். மதிய இடைவேளையில் ஒரு கம்பளிச் சால்வையால் மகாராணியை நன்றாகத் தேய்த்துவிட்டு அருகில் நூல் நுனிகளைக் காட்டினேன். எழுந்து நின்று ஆடின. தேய்க்காமல் காட்டினேன். ஆடவில்லை. தற்செயலாக இருக்குமோ என்று மறுபடி செய்தேன், மறுபடியும். இஸ்திரி அண்ணன் வந்து, "அவளுக்கு முதுகு அரிக்குதா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தூக்கிவர நான் வருகிறேன் என்றார்.

இருந்தாலும் எனக்குள் உறுத்தல். சோதனை என்றால் நானும் தோற்கிற வழி இருக்க வேண்டும். அதனால் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டேன். முக்காலியில் ஆளே இல்லையே என்று ஐயா சொல்லிவிட்டால் நான் தோற்றேன். சித்தியிடம் அறுவையைப் பற்றி இனி வாய் திறப்பதில்லை. இதை இஸ்திரி அண்ணனிடமும் சொல்லிவைத்தேன், பின்வாங்கிவிடக் கூடாதே என்று.

ஞாயிற்றுக்கிழமை மாடி கொள்ளவில்லை. சித்தியும் பட்டன் அக்காவும் முன்வரிசையில். கூன் விழுந்த கிழவிபோலத் தெரிய மகாராணியின் கழுத்து முனைக் குமிழின் மேல் முக்காடு போட்டு, உருளை தெரியாமல் சால்வையைச் சுற்றி, நானும் இஸ்திரி அண்ணனும் படியில் தூக்கிவந்து வாசலில் உருட்டினோம். மச்சான் தண்ணீர்ப் புட்டி விற்கும் மும்முரத்தில் இருந்தார். யார் இவங்க என்று கேட்டார்.

"இவங்களுக்கு நடக்க வராது, பேச வராது" என்றேன். இரண்டும் உண்மை.

மச்சானுக்கு இரக்கம் வந்துவிட்டது. வயசான அம்மா வர்றாங்க, முதல்ல விடுங்கப்பா என்று கத்திக் கூட்டத்தை விலக்கினார். காலுறை இரண்டு நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

சால்வையால் தேய்த்தபடியே மகாராணியை விரிப்பின் மேல் உருட்டினேன். அன்பான பேத்தி போர்வையைச் சரிசெய்கிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். பின்வரிசையில் ஒரு பெண்மணி மூக்கைத் துடைத்துக்கொண்டார். முக்காலியை நகர்த்திவிட்டு மகாராணியின் மார்பு பித்தளைக் குண்டில் படும்படி நிறுத்தினேன். ஆளே இல்லை என்று சொல்லிவிடுவாரோ?

ஊசி அசைந்திருக்க வேண்டும். குரல் வந்தது.

"ஆகா. அம்மா, குடும்பத்துக்காகத் தேய்ஞ்ச உடம்பு இது. தலை பாரமா இருக்கு. ரெண்டு முழங்கால்லயும் வலி. முக்கியமா, கண்ணுல புரோட்டான் தூங்குது. தூங்குறதைத் தட்டி எழுப்பணும், வெட்டி எடுக்கக் கூடாது. கத்தி பட விட்டுடாதீங்க."

கூட்டம் உச்சுக் கொட்டியது. சித்தி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வார்த்தைகளை அவர் தினமும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தவர். ஓர் எழுத்து மாறவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பாவம், நம்மைப் போலவே ஒருத்தி என்று எண்ணியிருப்பார். தடவித் தடவி எழுந்து வந்து ஆறுதலாகத் தோளில் கை வைத்தார்.

கண் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். அந்தத் தோளுக்குத்தான் எத்தனையோ காலரைப் பொருத்திப் பார்த்திருக்கிறார். விரல் தோளிலிருந்து கழுத்துக்குப் போயிற்று, கழுத்திலிருந்து அதற்கு மேல் போயிற்று, அங்கே ஒன்றும் இல்லை. சித்தியின் உடம்பு குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். சால்வையை ஓர் இழுப்பு இழுத்தார்.

"ஐயா, இவளுக்குத் தலை எங்க பாரமா இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க. முழங்காலையும் காட்டிட்டீங்கன்னா தைலம் தடவி விடுவேன்."

மாடி அதிர்ந்தது. ஐயா திரையை விலக்கிப் பார்த்தார். மகாராணி அவரைப் பார்க்கவில்லை, வசதி இல்லை. ஆனால் தரைவிரிப்பு வியாபாரத்தில் நொடித்துப்போயும் எழுந்தவர் அல்லவா, அவ்வளவு எளிதில் விழுந்துவிடுவாரா? பொம்மையிலும் புரோட்டான் இருக்கிறது, எலக்ட்ரான் இருக்கிறது, அதைத்தான் பெட்டி சொன்னது என்றார். அந்த மாடியில் அவர் சொன்ன முதல் உண்மை இதுதான் என்பதால் நான் குறுக்கிடவில்லை. கூட்டத்தில் பாதி, அதானே, என்று தலையாட்டத் தொடங்கியதையும் பார்த்தேன். தலை இருந்தால் ஆட்டத்தான் தோன்றும்போல.

அப்போது பட்டன் அக்கா எழுந்தார். குறும்பு ஒன்றும் இல்லை அவரிடம், முழு நம்பிக்கையோடுதான் கேட்டார். "ஐயா, இவங்க வாயை அடைக்க ஒரு வழி இருக்கு. உங்க உடம்பு முழுச் சமநிலைன்னு சொல்லியிருக்கீங்க. நீங்களே காலுறை போட்டு நடந்து வந்து தொடுங்க. ஊசி அசையாது. எல்லாரும் பார்க்கட்டும்."

கூட்டம் ஆரவாரித்தது. பெட்டியைத் திரைக்கு முன்னால் தூக்கிவந்து வைத்தார்கள். ஐயா மறுக்க முடியவில்லை. மச்சானே பணிவோடு காலுறையை மாட்டிவிட்டார்.

ஐயா விரிப்பில் இறங்கினார். ஓர் அடி வைத்தார். பாதத்தை விரிப்பில் உரச விடாமல் நேராக மேலே தூக்கி, காற்றில் நிறுத்தி, நேராகக் கீழே வைத்தார். அடுத்த காலும் அப்படியே. சேற்றில் மீன் தேடும் கொக்கு போல, வெள்ளை அங்கியோடு, ஒவ்வொரு அடியாகத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார். நடுவில் ஒருமுறை தடுமாறியும் காலைத் தேய்க்கவில்லை. அப்படி ஒரு பயிற்சி.

குண்டைத் தொட்டார். ஊசி பெரிதாக அசையவில்லை. வெற்றியோடு கூட்டத்தைப் பார்த்தார்.

யாரும் கைதட்டவில்லை. பட்டன் அக்கா அவருடைய பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களை மட்டும் ஏன் ஐயா தேய்ச்சு நடக்கச் சொன்னீங்க?"

மிகவும் சாதுவான குரலில் கேட்டார். ஐயா அவசரமாகக் காலுறையைக் கழற்றக் குனிந்தார். அந்த மாடியில் கூடியிருந்த அத்தனை பேரிலும் உரசல் மின்சாரத்தைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தவர் ஐயா ஒருவர்தான், நானும் அவருக்கு அடுத்தபடிதான். புரிந்ததை அவர் காலே காட்டிக்கொடுத்துவிட்டது. பட்டன் அக்கா இரண்டு வளையலையும் கழற்றிக் குண்டின் மேல் மாட்டினார். ஒவ்வொருவராகப் போய் மாட்டினார்கள். குண்டு மறைந்து வளையல் கோபுரம் ஒன்று எழுந்தது. மச்சான் விற்காத புட்டிகளுக்கு நடுவில் நின்று, இது வெறும் குழாய்த் தண்ணீர்தான், நான் எதுவும் கலக்கவில்லை என்று யாரும் கேட்காமலே சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை சித்தியை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பயம் போகவில்லை, என் கையை நசுக்கிவிட்டார். ஒரு கண்ணுக்கு முடிந்தது. கட்டைப் பிரித்த அன்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ உருக்கமாகச் சொல்லப்போகிறார் என்று நின்றேன்.

"இந்தக் காலரை யாருடி தைச்சது? இப்படிக் கோணியிருக்கு."

சித்தியேதான் தைத்தார், புரை இருந்தபோது. காலரை மடித்து உள்ளே தள்ளிக்கொண்டேன்.

பட்டறைக்குத் திரும்பிய நாளில், பின்வரிசையில் மூக்கைத் துடைத்த அந்தப் பெண்மணி, அவருக்கும் கண்ணில் புரை, வழியில் பிடித்துக்கொண்டார். அறுவை நன்றாக நடந்ததற்கே முன்பு குடித்த எலக்ட்ரான் தண்ணீர்தான் காரணம் என்று அடித்துச் சொன்னார். நான் ஹைட்ரஜன் அணுவிலிருந்து ஆரம்பிக்க வாய் திறந்தேன். சித்தி முந்திக்கொண்டார்.

"இருக்கலாம்மா. ஆனா சரிபார்க்க ஒரு வழி இருக்கு. என் இன்னொரு கண்ணுக்குத் தண்ணி இல்லாம ஆபரேஷன் பண்ணிக்கறேன். நீங்க ஆபரேஷன் இல்லாம தண்ணி மட்டும் குடிங்க. அப்புறம் ரெண்டு பேரும் ஊசியில நூல் கோத்துப் பார்ப்போம்."

அந்த அம்மாள் யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தார். யோசிக்கட்டும். எலக்ட்ரானும் புரோட்டானும் அவரைக் கேட்காமலே தங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளும். யோசிக்கிற வேலையை மட்டும் அவரேதான் செய்தாக வேண்டும்.